தொப்பிப் பக்கம்

லாமிங்டன் ரோட்டில் அந்தக் கடைக்காரர்
கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்தி,
"இப்ப கேளுங்க" என்றார்.
இரண்டு கறுப்புக் கோபுரங்கள், என் தோள் உயரம்.
மிருதங்கத்தின் தொப்பியில் உள்ளங்கை விழுந்ததும்
என் புடவைக் கொசுவம் ஒருமுறை அசைந்தது.
இன்னாசி கண்ணை மூடிக்கொண்டார்.
ஞாயிற்றுப் பூசையில்கூட அப்படி மூடியதில்லை.

பழைய பெட்டியில் தொப்பியே கேட்கவில்லை என்பது
இவரது பதினோரு வருடப் புகார்.
பாட்டு ஓடும்போதெல்லாம் இடது கை
தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து
கோபுரத்தின் காலடியில் குனிந்தேன்.
அகலம் பதினான்கு அங்குலம், ஆழம் பதினேழு.
சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டுமாம்,
இல்லாவிட்டால் தொண்டை கட்டிக்கொள்ளுமாம்.
செம்பூரில் எங்கள் ஹால் பத்துக்குப் பதினொன்று.
அதற்குள் சோபா, பிரிட்ஜ், மடக்கு மேஜை,
ராத்திரி விரித்தால் மகன் படுக்கும் மெத்தை.
சதுர அடி முப்பத்தோராயிரம் என்று
போன மாதம்தான் மூன்றாம் மாடி கைமாறியது.
"எட்டு சதுர அடி. இரண்டரை லட்சம்" என்றேன்.
"நிக்கிறதுக்கு மட்டும்."
கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

அப்புறம் சின்னவை இரண்டு,
அலமாரித் தட்டில் ஏறி உட்காரக்கூடியவை.
பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரிந்தது.
வலந்தலை கண்ணாடிபோல் சுத்தம்.
தொப்பி மட்டும் ரவை வைக்காத தோல்.
"அதுக்குத்தானே இது" என்று
முகமில்லாத ஒரு பெட்டியைக் காலால் நகர்த்தினார்.
சப்வூஃபர்.
பாட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல்
அது மூலையில் குந்தியிருந்தது.
"மூணு நாள் வீட்ல வெச்சுப் பாருங்க."

இடம் பார்க்கும் முறைதான் விசித்திரம்.
நாம் உட்காரும் சோபாவில் பெட்டியை ஏற்றிவிட்டு
நாம் தரையில் தவழ வேண்டும்.
எங்கே காதுக்கு நன்றாக இருக்கிறதோ
அங்கே அதை இறக்க வேண்டும்.
இவருக்கு முட்டி மடங்காது.
இவர் நாற்காலியை அடுக்களைக்குத் தள்ளிவிட்டு
நைட்டியைச் செருகிக்கொண்டு
நாற்பத்தாறு வயதில் நான் இறங்கினேன்.

பிரிட்ஜ் பக்கம் குழைந்த சோறு.
ஜன்னலடியில் வீங்கிய பல்.
செருப்பு ஸ்டாண்டருகே
ஒவ்வொரு அடியும் உதிரி உதிரியாக வந்தது.
நடுவே கணக்கில் சேராத ஓர் ஓசை:
கீழ்வீட்டுப் பாட்கர்களின் குக்கர், மூன்றாவது விசில்.
இது எங்களுக்கு ஏறி வருமென்றால்
நாங்கள் போட்ட சண்டையெல்லாம்
இத்தனை நாள் எங்கே இறங்கிப் போயிற்று?

ஹாலின் நடுவில் எதுவும் இல்லை.
"ஏன் நிறுத்திட்டீங்க?"
"நிறுத்தலையே, ஓடுது."
ஒரு முழம் முன்னால் போனால் இருந்தது.
பின்னால் வந்தால் இருந்தது.
அந்த இடத்தில் மட்டும்
யாரோ வழித்து எடுத்ததுபோல் வெறுமை.
கைக்குக் கீழே தரையில்
நான்கு வட்டத் தழும்புகள்.
இவர் நாற்காலியின் கால்கள்.

பதினோரு வருடம்.
அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றபடி
தினமும் நான் முழுசாகக் கேட்ட தொப்பி அது.
நல்லாத்தானே கேக்குது, உங்களுக்கு எதிலும் குறை,
என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

எழுந்திருக்கத் தோன்றவில்லை.
ஹார்பர் லைனில் பன்வேல் லோக்கல் போனது.
முட்டியில் தெரிந்தது, காதில் இல்லை.

"என்ன, இடம் கெடச்சுதா?"
சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு
இவரது இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.
தப்பாமல், தாளத்தில்.

"செருப்பு ஸ்டாண்டை நகர்த்தணும்" என்றேன்.
"அப்புறம்
இங்க வந்து கொஞ்சம் குனிய முடியுமா, பாருங்க."