வாக்குமூலம், மூன்றாம் வரைவு

முதல் வரைவில் எழுதியிருந்தேன்:
என் கணவர் மிகவும் கஷ்டப்படுகிறார்.
வக்கீல் மார்லீன் ஓச்சோவா
'மிகவும்' மேல் ஒரு கோடு போட்டாள்,
கொஞ்சம் யோசித்து
'கஷ்ட'த்தின் மேலும்.
எத்தனை முறை, எத்தனை மணிக்கு,
எத்தனையாவது படியில் நிற்கிறார்?
துயரம் அவர்களிடம் மூட்டை மூட்டையாய்க் கிடக்கிறது,
தேதிக்குத்தான் பஞ்சம் என்றாள்.

கில்லீனில் அவள் அலுவலகம்
அடகுக்கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே.
ஜெயித்தால்தான் கூலி.
கண்ணாடித் தொட்டியில் ஒரே ஒரு மீன்.
காத்திருக்கும் பழைய சிப்பாய்கள் எல்லோரும்
அது வாயைத் திறந்து மூடுவதையே பார்க்கிறார்கள்.
அருள்தாஸ் மட்டும் பார்ப்பதில்லை.

ஆகவே எண்ணினேன்.
செவ்வாய், பதினொன்றரைக்கு ஆறு இருமல்.
இரண்டு மணிக்குப் பதினான்கு.
நாலேகாலுக்குக் கணக்கு விட்டுப்போனது,
எழுந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.
அந்தத் தடவலை அடிக்காதே, என்றாள் மார்லீன்.
அது நிற்கும்.

மறுப்புக் கடிதம் மரியாதையான கடிதம்.
முதல் வரி, உங்கள் சேவைக்கு நன்றி.
கடைசி வரியும் அதுவே.
நடுவில்:
மனுதாரர் அந்த முகாமில் இருந்ததற்குப் பதிவில்லை.
பதிவின்படி அந்த மாதம் முழுக்க அவர்
இருநூறு மைல் தள்ளி
லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்.
பத்தொன்பது நாள் இரவல் கொடுத்ததை
ஒரு காகிதமும் சொல்லவில்லை.

பத்தொன்பது நாள்
குழியில் டீசல் ஊற்றி,
நீளக் கம்பியால் கிளறி,
பேட்டரி, பெயிண்ட் டப்பா, தண்ணீர் பாட்டில், மலம்.
முகமூடி கேட்டதற்குக் கைக்குட்டை கட்டச் சொன்னார்களாம்.
கைக்குட்டையை அங்கேயே விட்டு வந்தார்.

கூட இருந்தவர் யாராவது?
டுவெய்ன் என்று ஒருவன்.
அவன் எண்ணுக்கு அடித்தால்
இப்போது ஒரு பூக்கடை எடுக்கிறது.
புகைப்படம்? எடுக்கக்கூடாது.
கடிதம்? நாங்கள்
கடிதம் எழுதிக்கொள்ளும் ஜோடி இல்லை.

பொடி அனுப்பினேன், என்றேன்.
சொல்லவே வெட்கமாயிருந்தது.
போனில் ஒருநாள், இங்கே எல்லாம் சப்பென்று இருக்கிறது என்றார்,
இட்லிப் பொடி, ஒரு பவுண்டு,
கசியாமலிருக்க இரட்டைக் கவர்.

ரசீது இருக்கிறதா?

செத்துப்போன குக்கரின் வாரண்டியைக்கூட
வைத்திருக்கிறவள் நான்.
ஷூ பெட்டியின் அடியில் கிடைத்தது,
சுங்கப் படிவத்தின் ரோஸ் நகல்.
ஊர் பெயர் இல்லை, நாட்டின் பெயர் இல்லை,
ஐந்து இலக்கம்.
பொருள், மசாலாத் தூள். மதிப்பு, நான்கு டாலர்.
மேலே தபால் முத்திரை, தேதியோடு.

மார்லீன் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
ஒவ்வொரு இலக்கமாய் விரல் வைத்துத்
தன் பட்டியலோடு ஒப்பிட்டாள்.
அந்த முகாம்தான்.
விழுந்த பால்பல்லை வைப்பதுபோல்
உறைக்குள் வைத்தாள்.
முழுசாய் நிரூபிக்க வேண்டாம், என்றாள்,
இரண்டு தட்டும் சமமாய் நின்றால்
அவர் பக்கம்தான் சாயவேண்டும், சட்டம்.

திரும்பும் வழியில், சிக்னலில்,
அருள்தாஸ் சொன்னார்:
அந்தப் பொடி என் கைக்கு வரவேயில்லை தெரியுமா.
நான் கிளம்பின பிறகு வந்திருக்கும்.
டுவெய்ன்தான் தின்றிருப்பான்,
ரொட்டியில் தடவி.

மறுநாள் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.
அதையும் எழுது, என்றாள் மார்லீன்.
எழுதினேன்: பொட்டலம் அவரைச் சேரவில்லை.
கையெழுத்து, தேதி, உறை, ஸ்டாம்ப்.
பதிலுக்கு எட்டு மாதமாகலாம்,
பதினெட்டும் ஆகலாம்.

ஆனால் அன்று சிக்னலில்
டுவெய்னை நினைத்து அவர் சிரித்தார்,
சிரிப்பு வழக்கம்போல் இருமலாய்த் திரும்பியது,
பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க
பச்சை விளக்கின் கீழ்
நான் ஒன்பதுவரை எண்ணினேன்.