ஏழாவது ஊதல்

மூன்றாம் பகுதியில் எனக்கு வேலை
ஒரே ஒரு அடி.
அதற்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு ஆவர்த்தனம்
இரண்டு பித்தளைத் தட்டுகளை மடியில் கிடத்தி
சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருப்பது என்றால்
எண்ணிக்கொண்டே இருப்பது.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
எண்ணுவது புதிதில்லை:
ஏறியது முப்பத்தொன்று, இறங்கியது முப்பது,
பின்னிருக்கையில் தூங்கிப்போனது ஒன்று.
ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஒத்திகையில்
நாற்பதைத் தாண்டினால்
மனம் மளிகைக் கடைக்குப் போய்விடும்.

கடலைப் பற்றிய சிம்பொனி.
நடத்துகிறவர் ஆர்லன் ஃப்ரீசன், வின்னிபெக்காரர்.
அவர் ஊரில் கோதுமைதான் அலையடிக்கும்.
"இன்னும் ஈரம், இன்னும் ஈரம்" என்று
வயலின்காரர்களை வறுத்தெடுப்பார்.
இரண்டாம் வரிசை டல்சி ஹைன்ஸ்,
நண்டு ஆலையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்தவள்,
ஊறிப்போன விரல்களை விரித்துக் காட்டுவாள்:
"இதைவிடவா?"

ஜன்னலுக்கு வெளியே
நியூஃபவுண்ட்லாந்தின் மே மாதம்.
துறைமுகம் அங்கே இருக்கிறது என்பது
வெறும் நம்பிக்கை. அவ்வளவு மூடுபனி.
நிமிடத்துக்கு ஒருமுறை
கலங்கரை முனையிலிருந்து ஊதல் வரும்,
எங்கள் சுருதிக்கு
ஒரு வீசம் கீழே.
ஃப்ரீசன் பல்லைக் கடித்துக்கொண்டு
அது ஓயும்வரை கோலை உயர்த்தாமல் நிற்பார்.
ஓய்ந்ததும் தொடங்குவார்.
ஒவ்வொரு செவ்வாயும் அப்படியே.

ஆக, கண்டுபிடித்துவிட்டேன்.
எண்ண வேண்டியது நூற்றுப் பன்னிரண்டு இல்லை,
ஏழு.
ஏழாவது ஊதல் அடங்கி
கிளாரினெட் இரண்டு முறை மூச்சு வாங்கியதும்
எழுந்து நின்று ஓர் அடி.
"எப்படி இவ்வளவு துல்லியம், திருமதி நோஸ்வொர்தி?"
அடக்கமாகத் தலையசைத்தேன்,
திருடியைப் போல.

டபுள் பாஸ், லியாண்டர் ப்ளண்டன்.
கடல்நடுவே எண்ணெய்க் கிணறுகளுக்குச்
சாமான் கொண்டுபோகும் கப்பலில் ஒன்பது வருடம்.
புயல் வரும் பக்கத்தில் அவர் மட்டும்
வில்லை மெல்ல இழுப்பார்.
"உரக்க, உரக்க!"
"இல்லை ஐயா" என்றார் ஒருநாள்.
"எனக்குத் தெரிந்த அந்த ராத்திரியில்
எஞ்சின் நின்ற பிறகு
யாரோ இருமியதுகூடக் கேட்டது."
அதற்கப்புறம் அவரை யாரும்
உரக்க வாசிக்கச் சொல்லவில்லை.

கச்சேரி நாள்.
வானம் துடைத்து வைத்த தட்டு.
தொடுவானத்தில் ஒரு பனிப்பாறை
வெட்கமில்லாமல் வெள்ளையாய் நிற்கிறது.
மூடுபனி இல்லை.
ஊதல் இல்லை.
மூன்றாம் பகுதி தொடங்கி
வெகுநேரம் போன பிறகுதான்
எனக்கு உறைத்தது.

எண்ணத் தொடங்கினேன். எங்கிருந்து?
இருபத்தாறா, முப்பதா?
பின்னிருக்கையில் தூங்கிப்போனது
இந்த முறை நான்.
பித்தளை வேர்த்தது.
நானூறு பேர், மேல்கோட்டு மடித்து வைத்த மடிகள்,
முதல் வரிசையில் என் பேருந்துப் பையன் ஒருவன்
என்னையே பார்த்துக்கொண்டு.

அப்போது கிளாரினெட்டுக்கு அடியில்
ஒரு சத்தம்.
பிரதியில் இல்லாதது.
சுருதிக்கு ஒரு வீசம் கீழே.

லியாண்டர் என் பக்கம் திரும்பவில்லை.
தடித்த கம்பியில் வில்லைப் படுக்கவைத்து
கரையைத் தேடும் ஒருவனுக்குப் பதில் சொல்வதுபோல
நீளமாய் இழுத்தார்.
ஃப்ரீசனின் புருவம் ஏறியது.
இது எத்தனையாவது?
தெரியாது. ஒரே ஒருமுறைதான் ஊதினார்.
ஏழாவதைத்தான் ஊதுவார்,
வேறு எதை ஊதுவார்.

கிளாரினெட் மூச்சு வாங்கியது.
இன்னொருமுறை.
எழுந்தேன்.

பிறகு, கோட்டு மாட்டும் இடத்தில்,
"யார் அது?" என்றார் ஃப்ரீசன்.
டல்சி குனிந்து செருப்பைத் தேடினாள்.
லியாண்டர் பெட்டியின் பூட்டோடு மல்லாடினார்.
"ஊதலாக இருக்கும்" என்றேன்.
"இன்று பனியே இல்லையே."
"இங்கே சில நாள் அப்படித்தான்."

காலையில் பனி திரும்பிவிட்டது.
பள்ளிக் கதவு திறக்கவில்லை.
முப்பத்தொரு பிள்ளைகள், கண்ணாடியெல்லாம் மூச்சு.
தொலைவில் ஊதல்.
நான் எண்ணவில்லை என்றுதான் நினைத்தேன்.
இரண்டு கைகளும்
ஸ்டியரிங்கை விட்டு
மேலே எழுந்திருந்தன.