இறக்கி வைத்தல்

பீடோர் கடைவரிசையில்
எங்கள் ஜிம் மேல்மாடி.
கீழே, டயர் கடைக்கும் சீன மருந்துக்கடைக்கும் நடுவே
ஆறு நாற்காலி, ஆறு இயந்திரம்:
ரத்தம் வெளியே போய்
கழுவிக்கொண்டு திரும்பும் இடம்.

செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
பகலெல்லாம் லாரிகளை நிறுப்பேன்,
மாலையில் என்னை.
எண்பத்து மூன்று கிலோவுக்கு
நூற்றெண்பது கிராம் புரதம்.
முட்டை எட்டு, வெள்ளை மட்டும்.
உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சு,
பாவம், இரண்டுமுறை செத்தது.
வெண்ணிலா மாவு, டப்பா இருநூறு வெள்ளி.
மஞ்சள்கரு முழுக்கத் தெருப்பூனைக்கு.
அதன் உடம்பு என்னைவிடப் பளபளப்பு.

கம்பியை நான் போடும்போதெல்லாம்
கீழே கூரை அதிரும்.
மூன்றாம் நாற்காலி துரைசிங்கம் அண்ணன்
சத்தத்தை வைத்தே எடை சொல்வாராம்:
"நூத்தி நாப்பது. பையன் இன்னிக்கு கோபமா இருக்கான்."
பழைய லாரி ஓட்டுநர்.
"எனக்கு சக்கரைதான் தம்பி, மாவு இல்ல"
படிக்கட்டில் ஒருநாள் சொன்னார்,
நான் கேட்காமலே.

ஆலையின் வருடாந்திரச் சோதனையில்
கிரியேட்டினின் நூற்று முப்பத்திரண்டு.
எண்களை எழுதியே சம்பளம் வாங்குபவனை
ஒரு எண் நிறுத்துப் பார்த்தது.
மூன்று இரவு
கழிவறையில் நுரையை எண்ணிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் நளாயினி தாளைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார்.
"சதை கூடினாலும் இது ஏறும்.
முதல்நாள் தூக்கினீங்களா? கிரியேட்டின் தூளும் உண்டா?
ரெண்டு வாரம் நிறுத்துங்க, மறுபடி பார்ப்போம்.
நல்ல கிட்னியை மாவு கெடுக்கும்னு சொல்ல மாட்டேன்.
உங்களுது நல்லதான்னு பார்க்காம
சாப்பிடுங்கன்னும் சொல்ல மாட்டேன்."

இரண்டு வாரம் கழித்து நூற்று நான்கு.
சிறுநீர் சுத்தம்.
நான் எழுந்துவிட்டேன்.
"உக்காருங்க" என்றார்.
ரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தாறு,
அதற்கு இரண்டு வட்டம் போட்டார்.
"எனக்குப் பயம் இதுதான்."

மாவு இப்போது ஒரு கரண்டி.
மஞ்சள்கரு எனக்கே.
பூனை என்னோடு பேசுவதில்லை.

கம்பியைப் போடுவதும் விட்டாயிற்று.
தூக்குவதைவிடக் கடினம்
தரைக்கு வலிக்காமல் இறக்குவது:
தொடை நடுங்கும், மூச்சு பிடிக்கும்,
கடைசி ஓரங்குலத்தில் உலகமே கனக்கும்.

வெள்ளிக்கிழமை படிக்கட்டில்
கைக்கட்டுப் பஞ்சை அழுத்தியபடி அண்ணன்,
"ஏன் தம்பி,
ரெண்டு நாளா ஆளையே காணோம்?"