போதிக்கக் கூடாத தொண்ணூறு நாள்

ஐந்தரைக்கு லாரிச் சக்கர வளையத்தை
யாரோ கம்பியால் அடிக்கிறார்கள்.
கொசுவலைக்குள் எனக்கு முன்பே விழித்திருக்கிறது
மலேரியா மாத்திரை தந்த கனவு:
ஜியோன்ஜு பேருந்து நிலையம், நான்தான் ஓட்டுநர்,
பயணிகள் எல்லாரும் மீன்கள்.

ஒரு வாளித் தண்ணீர்.
தலைக்குப் பாதி, துணிக்குக் கால்,
மீதியைப் பக்கத்து அறை ஹெல்மிக்கு வைக்க வேண்டும்.
ஹெல்மி ஃபின்லாந்துக்காரி. நாலாம் வாரம் அழுதாள்,
ஐந்தாம் வாரம் பெட்டி கட்டினாள்.
இப்போது அந்தக் கால் வாளியில்
பாதம் கழுவிக்கொள்கிறேன்,
கொஞ்சம் உறுத்தலோடு, கொஞ்சம் சுகமாக.

எட்டு மணிக்கு இலக்கணம்.
ஆசிரியர் மாகோரி என்னைவிட ஆறு வயது சின்னவர்.
நேற்றைய கால்பந்துத் தோல்வியை முகத்தில் வைத்துக்கொண்டு
கரும்பலகையில் ஸ்வாஹிலிச் சொற்களைக் குடியமர்த்துகிறார்.
மனிதர்களுக்கு ஒரு திணை. மரங்களுக்கு ஒன்று.
கத்தி, செருப்பு போன்றவற்றுக்கு இன்னொன்று.
கடவுள் எங்கே என்று கேட்டேன்.
பன்மையில் மரங்களோடு நிற்பார் என்றார்,
விரலில் ஒட்டிய சுண்ணத்தூளை ஊதியபடி.
வினைச்சொல் கூப்பிட்டால் மட்டும் எழுந்து
மனிதர்கள் பக்கம் வந்துவிடுவாராம்.

மதியம் உகாலிக் களி, கீரை,
ஏரிப்பூச்சி மிதக்கும் தேநீர்.
பிறகு வீட்டுப்பாடம்: கரைக்குப் போ,
ஒரு குடும்பத்தோடு உட்கார், அவர்கள் வேலையைச் செய்.
தொண்ணூறு நாள் போதிக்காதே.
சாப்பாட்டறைச் சுவரில் முத்திரையோடு ஒட்டியிருக்கும் விதி.

எனக்கு வாய்த்தவள் நியாங்கேத்தா.
விக்டோரியா ஏரியின் மணலில்
டாகா மீனைப் பரப்பிக் காயவைக்கிறாள்,
ஒவ்வொன்றும் விரல்நீளம்,
பார்த்துக்கொண்டே இருந்தால் கண் கூசும்.
மராபு நாரைகளை விரட்டுவது என் பொறுப்பு.
மொட்டைத் தலை, கறுப்புக் கோட்டு, கை பின்னால் கட்டிய நடை.
எங்கள் சபை மூப்பர்களேதான்.

பெயர் கேட்டாள். போரா என்றேன்.
ஊரில் அது ஊதா நிறம், அம்மாவுக்குப் பிடித்தது.
இங்கே போரா என்றால் மேலானது.
"எதைவிட?" என்றாள்.
இருநூறு சொல் மனப்பாடம் செய்திருந்தேன்.
அதில் ஒன்றுகூட எழுந்து வரவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் விதியை மீறினேன்.
கடன்காரன் வந்து அவள் வலையை
உருட்டி எடுத்துப்போன சாயங்காலம் அது.
வாரக்கணக்கில் சேமித்த ஒரே வாக்கியம் என்னிடம்:
கடவுள் உன்னை நேசிக்கிறார்.
அனாகுபெண்டா என்று வரவேண்டியது
அனாகுபாண்டா என்று வந்து விழுந்தது.
கடவுள் உன்மேல் ஏறுகிறார்.

கரையே சிரித்தது.
படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன்
டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
நியாங்கேத்தா சிரிக்கவில்லை.
"தெரியும்," என்றாள், "தினமும்தான் ஏறுகிறார்.
இறங்கச் சொல்லத்தான் ஆளில்லை."

இரவு, ஜெனரேட்டர் நிற்பதற்குள்
சபைக்கு மாத அறிக்கை.
ரட்சிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம்.
பூஜ்ஜியம் போட்டேன். அடித்தேன்.
விரட்டிய நாரைகள் நாற்பத்தொன்று என்று எழுதி
அதையும் அடித்தேன்.
கட்டம் முழுக்க மை.

அகராதியைப் புரட்டினால்
அதே வினைக்கு நடுவது என்றும் பொருள் இருக்கிறது.
சோளத்தை, மரவள்ளிக் குச்சியை.
கடவுள் உன்னை நடுகிறார்.
இதைப் போய் அவளிடம் சொல்வதா,
வலை இல்லாத வீட்டில்?
இன்னும் முப்பத்தெட்டு நாள் வாயை மூடிக்கொள்ள
அனுமதி இருக்கிறது.

நாளை வெயில் அடித்தால் மீனைப் புரட்ட வேண்டும்,
மழை என்றால் அள்ள வேண்டும்.
வானம் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.
அவள்தான் சொல்வாள், ஒரு வார்த்தையும் பேசாமல்
கூடையை என் பக்கம் காலால் தள்ளி.