முட்டுக் கொடுத்தல்

ரேடியேட்டரைக் கழற்றி வைத்தபின்
வண்டியின் முன்பக்கம் பல் போன வாய்.
உள்ளே தெரிகிறது
இரண்டு சஸ்பென்ஷன் தூண்களுக்கு நடுவே
கம்பெனி போட்டு அனுப்பிய குறுக்குக் குழாய்,
குடைக்காம்பைவிடக் கொஞ்சம் தடிமன்.
அறுபத்திரண்டில், கவென்ட்ரியில்,
வீட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரோ
இது போதும் என்று நினைத்திருக்க வேண்டும்.

போதவில்லை.
ஐம்பது மைலைத் தாண்டினால்
ஸ்டீயரிங்குக்குக் குளிர்ஜுரம் கண்டுவிடும்.
ஒவ்வொரு குழியிலும்
பானெட்டுக்கும் கதவுக்கும் இடையிலான கோடு
திறந்து மூடும்,
சொல்ல வந்ததை விழுங்கினாற்போல.

அதனால் முட்டுக் கொடுக்கிறேன்.
குறுக்கே கனமான குழாய் ஒன்று,
அதிலிருந்து பின்னோக்கி இரண்டு கால்கள்,
அடிச்சட்டத்தின் தோளில் ஊன்ற.
கெண்டலில் மூன்றாம் நாளாக மழை.
கொட்டகையின் தகரத்துக்கு வாய் ஓயவில்லை.
வெல்டிங் மெஷின் ஈடித் பிரேத்வெயிட்டிடம் இரவல்;
அதைத் தனியே அனுப்ப மனமில்லாமல்
அவளும் கூடவே வந்திருக்கிறாள்.

வெட்டுமுன் அளக்க வேண்டும்.
தூக்குக்குண்டு தொங்கவிட்டு
தரையில் சுண்ணக்கட்டியால் நான்கு புள்ளி.
மூலைக்கு மூலை நூல் பிடித்தோம்.
ஒரு மூலைவிட்டம் மற்றதைவிடக்
கால் அங்குலமும் ஒரு வீசமும் குறைச்சல்.
இடம் மாறி நின்று பிடித்தோம்.
வேறு நூல் எடுத்துப் பிடித்தோம்.
அதே ஐந்து வீசம்.

"எதிலோ மோதியிருக்கிறது" என்றாள் ஈடித்,
நாளையும் மழை என்பதுபோல.

ரோலண்ட் என் தம்பி.
போன வருடம் வாடகை பாக்கிக்காக
இந்த வண்டியை என் தலையில் கட்டியவன்.
பதினேழு வருடம் முன்பு ஒரு பிப்ரவரி இரவு,
கர்க்ஸ்டோன் கணவாய் இறக்கத்தில்,
ஆடு குறுக்கே வந்ததாம்,
பிரேக் போட்டானாம்,
விளக்குக் கண்ணாடி மட்டும் போயிற்றாம்.
முகம் கோணாமல் சொன்னான்.
கோணியது சட்டம்.
அவன் பத்து மணிக்கே வீடு வந்துவிட்டான் என்று
அப்பாவிடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும்,
பிறகு அவனைக் கட்டிக்கொண்ட மியூரியலிடமும்
முட்டுக் கொடுத்தவள் நான்.
அந்த வேலைக்கு மெஷின் தேவைப்படவில்லை.

ஈடித் விவரம் சொன்னாள்.
இப்படியே வைத்துப் பற்றவைத்தால்
கோணல் நிலைத்துவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது.
சங்கிலி மாட்டி இழுத்தால் நேராகலாம்;
அறுபது வயது இரும்பு,
கிழிந்தாலும் கிழியும்.
தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை
இருவரும் தரையில் அந்த நான்கு புள்ளிகளையே பார்த்திருந்தோம்.

இரண்டும் செய்யவில்லை.
இடது காலை ஐந்து வீசம் குட்டையாக வெட்டினேன்.
முட்டின் கால்களை மட்டும் அதன் உடலோடு பற்றவைத்தோம்.
சட்டத்தைத் தொடும் இடங்களில் எட்டு போல்ட்,
என்றைக்காவது கழற்ற வேண்டியிருந்தால்.
மேசைமேல் வைத்தால் நொண்டுகிறது.
வண்டிக்குள் வைத்தால்
பிறந்ததிலிருந்தே அங்கிருந்ததுபோல் உட்கார்கிறது.

இரவு ரோலண்டுக்கு ஃபோன் போட்டேன்.
"மூலைவிட்டத்தில் ஐந்து வீசம் குறைகிறது" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
கார்லைலில் அவன் கெட்டில் கொதித்து, கொதித்து
தானாக அணைந்தது.
"அந்தச் சுவரைத் திரும்பக் கட்டிவிட்டார்களா?" என்று கேட்டான்.
நான் எந்தச் சுவரையும் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிறு மழை விட்டது.
விண்டர்மியர் சாலையில் அறுபது தொட்டேன்.
ஸ்டீயரிங் சும்மா கிடந்தது.
கணவாய் இறக்கத்தில், வளைவுக்குச் சற்று முன்னால்,
கல்சுவரில் நான்கு கஜத்துக்கு மட்டும்
பாசி இளசு.
கட்டியிருக்கிறார்கள். நன்றாகவே.
நிறுத்தவில்லை.

திரும்பும்போதுதான் காதில் விழுந்தது,
இடது கதவின் கீலில்
இதுவரை இல்லாத ஒரு கீச்சு.
நடுக்கம் ஒழியவில்லை,
ஜாகை மாற்றியிருக்கிறது.
ஈடித்திடம் இன்னும் சொல்லவில்லை.
மெஷினை நேற்றே கொண்டுபோய்விட்டாள்.