முழுப் பேர்

நிறுவையில் கிலோ குறைந்தால்
அரைப் பேர் போடுவது இந்த மலையின் கணக்கு.
அம்மாமார் அதைப் பேசிக்கொண்டேதான்
பிள்ளைக் காம்பராவில்
பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போகிறார்கள்,
ஏழு மணிக்கு முன்,
பொகவந்தலாவைப் பனி
பீலிக்கரையை விட்டு எழும்பாத நேரத்தில்.

பிள்ளைகளும் அதைத்தான் விளையாடுகிறார்கள்.

புதன்கிழமை. திரிபோஷா உருண்டை தின்ற கைகள்.
கிரிஷாந்த் தொரை, அவனிடம்தான் சப்பாத்து இருக்கிறது.
நெத்மி கணக்கப்பிள்ளை.
அவள் அப்பா வாச்சர், கீழே சிங்களக் கிராமத்திலிருந்து
சைக்கிளில் ஏற்றிவந்து விடுகிறவர்.
ருஷ்தா கடை வைக்கப் பார்த்தாள்.
பெரட்டில் ஏது கடை என்று
வரிசைக்கு வெளியே நிறுத்தினார்கள்.
மற்றவர்கள் எல்லாம் கொழுந்து.
தருண்யாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவளாகவே மூலைக்குப் போய்
விளக்குமாற்றை எடுத்தாள்.

நாலு வயது.
யாரும் சொல்லவில்லை.
அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

ஹட்டனில் மூன்று நாள் பயிற்சி, பகல் சாப்பாட்டோடு.
சான்றிதழும் ஒரு பெரிய சார்ட்டும் தந்தார்கள்.
உலகத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்கிற படம்.
“இவங்க யாருக்கும் மூக்கு ஒழுகலயே டீச்சர்”
என்றான் கிரிஷாந்த்.
ஈரச் சுவரில் அது இரண்டு தரம்
கழன்று விழுந்தது.

பதிவேட்டைத் திறந்து வைத்து
என் வாயையே விசாரித்தேன்.
கிரிஷாந்தை, கிரிஷாந்த் என்கிறேன்.
நெத்மியை அரைகுறைச் சிங்களத்தில்
கொஞ்சம் பயந்து, மகளே என்கிறேன்.
தருண்யாவை?
கடைசி லயத்துப் புள்ள.
மூன்று வருடக் கலைவிழாவுக்கு
நான் தெரிந்தெடுத்த மூன்று சரஸ்வதிகளும்
வெளுத்த பிள்ளைகள்.
மூக்குத் துடைக்க நீளும் என் லேஞ்சி
யாரிடம் ஒரு நொடி தயங்குகிறது என்பது
எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும் தெரியும்.

நானும் அரைப் பேர் போடுகிறவள்தான்.
தராசு மட்டும் இல்லை.

வியாழன், வரிசையில் போய் நின்றேன்.
“தொரை, கூட்டுறவங்களுக்கு எத்தன பேரு?”
“அரப் பேரு” என்றான், யோசிக்கவில்லை.
“கூட்டாம விட்டா?”
சப்பாத்தைக் குனிந்து பார்த்தான்.
நேற்றைய சேறு அதில் காய்ந்திருந்தது.
நெத்மி எழுதுவதை நிறுத்திவிட்டு
“நானும் கூட்டு” என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.
ருஷ்தாவும் ஓடிவந்தாள்.
விளக்குமாறோ ஒன்று.
தருண்யா அதைக் கொடுக்கவே இல்லை.
கொடுக்காததில் எனக்கொரு சந்தோஷம்,
அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.
பிறகு கேட்டாள்:
“நான் தொரையா வந்தா யாரு கூட்டுறது?”

கையேட்டில் அந்தக் கேள்வி இல்லை.
யோசிப்போம் என்றேன்.
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த தை மாதம் இவர்கள் டவுன் பள்ளிக்கூடம் போவார்கள்.
தோட்டக்காட்டான் என்ற சொல்லை
எவனோ ஒருவன் வீசத்தான் போகிறான்,
எனக்கு வீசினார்கள், இப்போதும் பஸ்ஸில் வீசுகிறார்கள்.
அதை நான் போய்த் தடுக்க முடியாது.
என் ஆசை அவ்வளவு பெரிதும் இல்லை.
அன்றைக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளை
திரும்பிப் பார்த்து,
“அவளுக்குப் பேர் இருக்கு” என்றால் போதும்.
அந்தப் பிள்ளை கிரிஷாந்தாக இருந்தால்
இன்னும் நல்லது.

அதுவரைக்கும் விடியலில்
தண்ணீர் கொதிக்கும்வரை
வெறும் அறையில் பதிவேட்டை உரக்க வாசிக்கிறேன்.
அருளாண்டி தருண்யா.
மொஹமட் ஃபாரிஸ் ருஷ்தா.
இருபத்திமூன்று பேர்.
ஒரு பெயரில் இன்றும் நாக்கு இடறியது,
எந்தப் பெயரென்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.
திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.
வாசலில் யாரோ
செருப்பில்லாத காலைச் சாக்கில் துடைக்கிறார்கள்.