முற்றல்

சயான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில்
முழங்கையைச் சுற்றி வெள்ளையாய்
இட்லி ஆவி போல ஒன்று.
எலும்பு என்றார் டாக்டர்.
கேட்காத இடத்தில் வளர்ந்திருக்கிறதாம்.

தோலுக்குத் தொடையில் கடன் வாங்கினார்கள்,
அதுவே பாதிதான் ஒட்டியது.
இதற்கு யாரும் எதுவும் தரவில்லை.
நாலே மாதம்,
கதவைச் சாத்திக்கொண்டது.

சிலிண்டர் வெடித்தபோது
முகத்தை மறைக்கத் தூக்கிய கை.
இன்னும் அதே மடிப்பில்.
லோக்கலில் ஒரு மராத்திக்காரி
பிடிக்கத்தான் தேடுகிறேன் என்று
என் விரல்களைக் கைப்பிடியில் மாட்டப் பார்த்தாள்.
எட்டவில்லை. "மாஃப் கரா" என்றாள்.

வாய்க்கும் எட்டாது.
இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்ற என் பிடிவாதத்துக்கு
யேசுவடியான் கரண்டிக் காம்பை
தாராவி பட்டறையில் வளைத்து வந்தார்.
முதல் வாய் சாம்பார் காதுக்குப் போனது.
அன்றைக்குத்தான் இருவரும் சிரித்தோம்,
பக்கத்துக் கட்டில்காரி முறைக்கும்வரை.

இப்போது வெட்ட முடியாதாம்.
முற்றட்டும், ஒரு வருஷம் போகட்டும் என்கிறார்
தேங்காயைச் சொல்வதுபோல.

பதினெட்டு வருஷம் சட்னிக்குத் தேங்காய் வாங்கியவள் நான்.
மாட்டுங்கா சந்தையில்
தட்டினாலே சொல்லிவிடுவேன் இளசா முற்றலா என்று.
விளக்கணைத்த பின்
இடக்கை விரலை மடக்கி
இதையும் தட்டிப் பார்க்கிறேன்.

வலிக்கிறது, அவ்வளவுதான்.